முன்னூற்று ஐம்பது பி

மூச்சை இழுத்தால் காற்புள்ளி, மேசையில் ஒரு தட்டு தட்டினால் முற்றுப்புள்ளி, இரண்டு தட்டினால் புதுப் பத்தி, மற்றதெல்லாம் சொற்கள், சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன, நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன், பத்து மணிக்கு ஆரம்பித்தது, இப்போது பதினொன்று இருபது, நடுவிரலில் பேனா அழுத்தும் இடம் சிவந்துவிட்டது, இத்தனை வருடம் கம்ப்யூட்டரில் தட்டியே பழகிய விரலுக்குப் பேனா மறந்தே போயிருக்கிறது. "கூட்டாட்சிங்கிறது" என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமி, "கூட்டாட்சி என்பது அதிகாரத்தைப் பங்கிடுவது மட்டுமல்ல" என்று தவசிலிங்கம் மாற்றிச் சொல்கிறான், மூச்சு, "சந்தேகத்தையும் பங்கிடுவது", தட்டு. நல்ல வாக்கியம். ஆனால் அது நல்ல வாக்கியம் என்று என் மூலமாக அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. பேனா வேகமெடுத்தால் ஸ்கிரைப்புக்குப் பிடித்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவான், தயங்கினால் எங்கேயோ தப்பு என்று கண்டுபிடித்துவிடுவான், இவர்கள் காது அப்படி, அதனால் ஒரே சீராக ஓட்ட வேண்டும், நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே ஓட்டம், எண்ணெய் விட்ட தையல் மிஷின் மாதிரி. இருபத்து மூன்று வயது அவனுக்கு, பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது, இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிரே யாரோ உட்கார்ந்து வம்புக்கு இழுப்பது போல உதட்டோரம் ஒரு சிரிப்போடு சொல்லிக்கொண்டு போகிறான். பரீட்சையில் அவன் சொல்வதை எழுதுகிற ஸ்கிரைப், அதுதான் என் வேலை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, பெயர் நவமணி, இந்த அறைக்குள் எனக்குப் பெயர் தேவையில்லை.

இந்த வேலைக்கு என் தகுதி என் படிப்புக் குறைவு. பரீட்சை எழுதுகிறவரைவிட ஒரு படி கீழே படித்தவர்தான் ஸ்கிரைப்பாக வரலாம் என்று இங்கே விதி. தவசி எம்.ஏ. அரசியல் அறிவியல், நான் பி.எஸ்ஸி. தாவரவியலோடு நின்றவள், நின்றதற்கு அப்பா வருத்தப்பட்டார், ஹாலந்தில் ஒரு விதைக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் தட்டுத் தட்டாக முளைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் டாக்டர் பட்டத்தோடு வந்து எனக்கு மேலே உட்கார்ந்தார்கள், அப்போது நானும் கொஞ்சம் வருத்தப்பட்டேன், மகளுக்கு வேலை கிடைத்ததும் எனக்கு வேலை போனதும் ஒரே வாரத்தில் நடக்க, மூட்டை கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்து இந்தப் பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே வீடு பிடித்தேன், அங்கிருந்துதான் ஒரு திங்கட்கிழமை காலை அந்த ஊர்வலத்தைப் பார்த்தேன். இருபது பேர், வரிசையாக, கையில் வெள்ளைக்கோல், நடைபாதையில் நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு பைக்கையும் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போகிறார்கள், டணார், டணார், கண் தெரியாதவர்கள் தட்டினால் யார் என்ன சொல்ல முடியும், ஒரு பேராசிரியர் ஓடிவந்து தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். பின்னாலேயே போய், முன்னால் நடந்த பெண்ணிடம் எது யார் வண்டி என்று தெரிந்துதான் தட்டுகிறீர்களா என்று கேட்டேன். "இல்லக்கா, எல்லாருக்கும் ஒரே தட்டுதான். டீன் வண்டிக்கு மட்டும் ரெண்டு" என்றாள். அதுதான் ஆஷிகா, மன்றத்தின் செயலாளர். பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் உரிமை மன்றம் என்பது பதிவேட்டில் உள்ள பெயர், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆறுபுள்ளி என்றுதான் சொல்வார்கள், பிரெயில் எழுத்து ஒவ்வொன்றும் ஆறு புள்ளிக்குள் அடங்கிவிடுவதால். ஆறாயிரம் பேர் படிக்கிற இடத்தில் இவர்கள் நாற்பத்தோரு பேர். ஸ்கிரைப்பாக வருகிறேன் என்று நான் கொடுத்த சான்றிதழை யாரோ வாசிக்கக் கேட்டுவிட்டு ஆஷிகா, "பி.எஸ்ஸியோட நிறுத்திட்டீங்களா, ரொம்ப நல்லது, மேல படிச்சிருந்தா எங்களுக்குப் பிரயோஜனமே இல்ல" என்றாள். என் வாழ்நாளில் அந்த டிகிரியை அவ்வளவு மனதாரப் பாராட்டிய இன்னொருவர் இல்லை.

"மாநிலங்கள் மாவட்டங்களை நடத்தும் விதமும்", மூச்சு, எழுது, எழுது. பயிற்சி வகுப்பு என்றதும் நான் புது நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன், ஏழு பேர் வந்திருந்தோம், ஆஷிகா தீவிரமான குரலில் சொல்ல ஆரம்பித்தாள், தமிழ்நாட்டின் தலைநகரம் திருச்சி, தட்டு. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், "திருச்சி இல்லையேம்மா" என்றார். "சார் நீங்க ஃபெயில். டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். வாரத்துக்கு ஒன்பது நாள், தட்டு, கங்கை கன்னியாகுமரியில் உற்பத்தியாகி, மூச்சு, அங்கே என் பேனா நின்றுவிட்டது, நின்ற சத்தத்தை அவள் கேட்டுவிட்டாள், சத்தம் நின்ற சத்தம். நானும் ஃபெயில், நானும் டீ. அடுத்த வாரம் போய்க் கங்கையைக் கன்னியாகுமரியிலிருந்து கிளப்பி இமயமலை வரைக்கும் ஏற்றிவிட்டுத்தான் பாஸானேன். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டதற்குச் சிரிக்காமல் பதில் சொன்னாள், "நாங்க பாஸ் பண்ணா, எழுதினவங்களாலதான் பாஸ் பண்ணாங்கன்னு ஒருத்தர்கூடச் சொல்லக் கூடாதுக்கா."

முன்பெல்லாம் அலுவலகமே ஸ்கிரைப்பை அனுப்புமாம், கடைசி நிமிஷத்தில் யார் அகப்பட்டார்களோ அவரை, தவசிக்கு முதல் செமஸ்டரில் வந்தவர் பாதிப் பரீட்சையில் போன் வந்து வெளியே போனவர் போனவர்தான், அந்த அரியரை அவன் மறுபடி எழுதினான், இன்னொருத்திக்கு வந்தவருக்குத் தமிழே சரியாக எழுத வராது. அதன் பிறகு ஒன்பது நாள் பதிவாளர் அலுவலகப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், சும்மா இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டு, அதுவும் எல்லோரும் வேறு வேறு பாட்டு, அதைத் தாங்க முடியாமல்தான் பதிவாளர் கையெழுத்துப் போட்டார் என்று தவசி சொல்வான். தங்கள் ஸ்கிரைப்புக்குத் தாங்களே பயிற்சி கொடுத்து அழைத்து வரலாம், இதுதான் அவர்கள் வாங்கிய உரிமை. ஆனால் போன நவம்பரில் ஒரு ஸ்கிரைப் விடையைக் காதில் கிசுகிசுத்து மாட்டிக்கொண்டார், அதனால் இந்த செமஸ்டர் சோதனைக் காலம், இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் நாற்பத்தோரு பேரும் பழையபடி அலுவலகம் அனுப்புகிற ஆளோடு உட்கார வேண்டும். காலையில் வராந்தாவில் ஆஷிகா என் தோளைத் தேடிப் பிடித்து, "அக்கா, தலையை வீட்டுல வச்சிட்டு வந்தீங்களா" என்றாள். "பூட்டி வச்சிட்டு வந்தேன்" என்றேன். பூட்டு சரியில்லை போலிருக்கிறது, பின்னாலேயே வந்துவிட்டது, இதோ இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டுகிறது, தலை தலையாட்டுகிறது, நல்ல வேளை, அதற்குச் சத்தம் கிடையாது. மேற்பார்வையாளர் செங்குட்டுவன் சார் கதவருகே உட்கார்ந்து வருகைப் பதிவேட்டுக்கு அடியில் ஏதோ தடிப் புத்தகம் வைத்துப் படிக்கிறார், பக்கம் புரட்டும்போது மட்டும் எங்களைப் பார்க்கிறார்.

நான்காவது கேள்வியை வாசிக்கிறேன். மொழிச் சிறுபான்மையினருக்கு அரசமைப்பு அளிக்கும் பாதுகாப்புகள் யாவை. "ஆங்", இது எழுதுவதற்கில்லை, அவன் சந்தோஷத்துக்கு, "எழுதிக்கோங்க மேடம், தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழியாகக் கற்பதற்கு வசதி செய்து தருவது மாநிலத்தின் கடமை", மூச்சு, "உறுப்பு முன்னூற்று ஐம்பது பி", தட்டு. கை எழுதுகிறது, அடுத்த வாக்கியத்தில் பாதி போன பிறகுதான் கண் பின்னால் திரும்பிப் பார்க்கிறது, தாளில் இருப்பது 350 ஏ. நான் எழுதவில்லை. கை எழுதியிருக்கிறது, இல்லை, கைக்கும் பின்னால் கோலார் தங்கவயலில் இருந்த என் தமிழ்ப் பள்ளிக்கூடம் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் குறைவு, கன்னடப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று எப்போது இன்ஸ்பெக்டர் வந்தாலும் எங்கள் ஹெட்மாஸ்டர் அருளப்பர் சார் எழுந்து நின்று, "த்ரீ ஃபிஃப்டி ஏ" என்பார், அவ்வளவுதான், வந்தவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார், அது என்ன மந்திரம் என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் ஓடிப்பிடித்து விளையாடும்போது பிடிபடப் போகிற நேரத்தில் த்ரீ ஃபிஃப்டி ஏ என்று கத்தினால் பிடிக்கக் கூடாது என்று நாங்களே சட்டம் வைத்திருந்தோம். அதை எப்படி என் கை பி என்று எழுதும். பி என்பது அதற்கடுத்தது, தனி அலுவலர் ஒருவரை நியமிப்பது பற்றியது. ஆறாம் வகுப்பில் கன்னட வழிக்கு மாறினேன், டீச்சர் சொல்லச் சொல்ல ஒரு வருடம் முழுக்க அர்த்தமே தெரியாமல் எழுதினேன், கோலம் போடுகிற மாதிரி எழுத்தை எழுத்தாக வரைந்தேன், சொன்னது சொன்னபடி, ஒரு தப்பில்லை, அந்த ஆறாம் வகுப்பு நவமணியை இங்கே உட்கார வைத்திருக்க வேண்டும், அவள்தான் முதல் தரமான ஸ்கிரைப், அவளை எங்கே போய்த் தேட.

அடித்துவிட்டு பி போடலாம். ஆனால் அடித்தல் இருந்தால் ஓரத்தில் நானும் மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் ஏன் என்று கேட்பார், புகார் எழுதுவார், நாற்பத்தோரு பேர். சும்மா விட்டுவிடலாம். இரண்டு மார்க் விஷயம், அதுவும் சரியான விடை, உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன், யாருக்குத் தெரியப் போகிறது. இப்படி நினைக்கும்போதே காது சூடாகிறது. அவனுக்குத் தெரியாது என்பதால் செய்யலாம் என்று நினைக்கிறேன், அவனுக்கு ஏன் தெரியாது என்றால் அவனால் பார்க்க முடியாது, ஆக அவனால் பார்க்க முடியாது என்பதால் செய்யலாம் என்று நினைக்கிறேன், சீ, எழுது, எழுது, தட்டு, தட்டு, விடை முடிந்துவிட்டது. "வாசிங்க மேடம்." ஒவ்வொரு விடையும் முடிந்ததும் எழுதியதை எழுதியபடி வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் அவர்கள் வைத்த விதிதான். வாசிக்கிறேன். நெருங்குகிறது, தொடக்கப் பள்ளி, தாய்மொழி, வசதி, கடமை, கண்ணுக்கு முன்னால் ஏ, வாய் சொல்கிறது, "முன்னூற்று ஐம்பது பி". தவசி தலையை ஆட்டி, அடுத்தது என்கிறான். எவ்வளவு சுலபமாக இருந்தது. ஒருத்தி எழுதும்போதும் பொய், வாசிக்கும்போதும் பொய், இரண்டு பொய்க்கும் நடுவில் அவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். உலகத்தில் ஸ்கிரைப்பால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது, வேறு யாருக்கும் இந்த வாய்ப்பே கிடைக்காது.

ஐந்தாவது கேள்வி, கட்டுரை, கூடுதல் தாள் வாங்கிக் கட்டியாகிவிட்டது, மணி ஒன்று ஐந்து, மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் என்ற கணக்கில் இரண்டு வரை நேரம் உண்டு. சிறுபான்மையினர் எனப்படுவோர் யாவர், உறுப்புகள் இருபத்தொன்பது, முப்பதை முன்வைத்து விவாதிக்க. சமயம், மொழி, கல்வி நிறுவனங்கள் என்று முதல் இரண்டு பக்கம் பாடப் புத்தகத்தின் ஓட்டத்திலேயே போகிறான், நானும் போகிறேன், ஆனால் அந்த ஏ நகத்துக்கடியில் ஏறிய சிலாம்பு மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு குத்து. அப்புறம் இரண்டு தட்டு. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறான், இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தான் போல. "உறுப்பு இருபத்தொன்பது, மொழி, எழுத்து வடிவம், பண்பாடு என மூன்றைச் சொல்கிறது, தட்டு." தட்டு என்பதையும் வாயால் சொல்லிவிட்டான், அவ்வளவு அவசரம். "மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஏதேனும் ஒன்று தனித்து இருந்தால் போதும். வீட்டில் தமிழ் பேசி, தமிழில் சண்டை போட்டு, ஆனால் அக்கம்பக்கத்தார் ஒருவராலும் வாசிக்க முடியாத எழுத்தில் வாசிக்கும் குடிமக்கள் இந்நாட்டில் உண்டு. ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து அவர்களுடையது. அதைக் காத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றால் அவர்களும் சிறுபான்மையினரே. இந்த விடைத்தாளைத் திருத்துபவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது எனில்", மூச்சு, "அவர் பெரும்பான்மையினர்."

"மேடம், பேனா நின்னுருச்சு." ஆமாம், நின்றுவிட்டது. புத்தகத்தில் இது இல்லை என்று எனக்குத் தெரியும், தாவரவியல் படித்தவளுக்கே தெரியும், எந்த நீதிமன்றமாவது இப்படிச் சொல்லியிருக்கிறதா, மார்க் போய்விடுமே, வேண்டாம் தவசி, கடைசி வரியை மட்டுமாவது எடுத்துவிடு, அவரைப் போய்ப் பெரும்பான்மையினர் என்று சொல்லி, நாக்கின் நுனியில் எல்லாம் வந்து நிற்கிறது. எழுதுகிறேன். சொன்னபடி எழுதுகிறேன், எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, தாளுக்கு மேலே குனிந்துகொள்கிறேன், கோலாரில் தமிழ்க்காரி, ஹாலந்தில் இந்தியாக்காரி, வாழ்நாள் முழுக்கச் சிறுபான்மையாக இருந்துவிட்டு இங்கே வந்தால் இவன் ஒரே வரியில் என்னைத் தூக்கிப் பெரும்பான்மையில் போட்டுவிட்டான். இந்த வரி முழுக்க முழுக்க அவனுடையது, எனக்கு இப்படித் தோன்றவே தோன்றாது. அப்போதுதான் அது உறைக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால், இதையெல்லாம் அந்தம்மா சொல்லிக்கொடுத்திருப்பார் என்று ஒருவர் சொன்னால், இல்லை, நான் எதையும் மாற்றவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஒற்றை ஏ இருக்கும்வரை முடியாது. ஒரு இடத்தில் என் கை இருந்தால் எல்லா இடத்திலும் இருந்திருக்கலாம். ஆஷிகா டீ கொடுத்து அனுப்பியது இதற்குத்தான்.

"தவசி" என்கிறேன். நான் வாசிக்க மட்டும்தான் வாயைத் திறக்கலாம், அவன் முகம் சட்டென்று என் பக்கம் திரும்புகிறது. "நாலாவது விடையில நீங்க பி சொன்னீங்க. நான் எழுதினது ஏ. படிக்கும்போது பி-ன்னு படிச்சேன்." கதவருகே புத்தகம் மூடுகிற சத்தம். நாற்காலி தள்ளுகிற சத்தம். செங்குட்டுவன் சாரின் செருப்பு எங்களை நோக்கி வருகிறது, சரக், சரக், ஒன்பது நாள், நாற்பத்தோரு பேர். தவசியின் விரல்கள் மேசை விளிம்பில் நகர்கின்றன, எதையோ வாசிப்பது போல. பிறகு, "அப்போ ஏ-தான் சரியா" என்கிறான், என்னிடம் இல்லை, தனக்குத்தானே, "சே, நேத்து ராத்திரிகூடப் படிச்சேன்." பிறகு என்னிடம், "அடிச்சுட்டு பி போடுங்க மேடம்." நாலாவது விடைக்குத் தாளைப் புரட்டுகிறேன். "போடுங்க. ஏ உங்களோடது. உங்க மார்க்கை வாங்கிட்டுப் போயி நான் என்ன செய்ய."

செங்குட்டுவன் சார் வந்துவிட்டார், தாளைப் பார்க்கிறார், என் பேனா ஏ-யின் மேல் கோடு போடுவதைப் பார்க்கிறார், பதறிப்போய்க் குனிந்து, "ஏங்க, அதை ஏன் அடிக்கிறீங்க, த்ரீ ஃபிஃப்டி ஏ தானே கரெக்ட்டு" என்கிறார். தவசி முகத்தை அவர் பக்கம் உயர்த்தி, மிக மரியாதையாக, "சார், நீங்க சொல்லித்தரக் கூடாது சார்" என்கிறான். அவர் முகம் சிவக்கிறது, "இல்லப்பா, குரூப் ஒன் எழுதறேன், ஆறு வருஷமா இதையே படிச்சுப் படிச்சு, தானா வாயில வந்துடுச்சு" என்கிறார். "மேடத்துக்குக் கையில வந்துருச்சு, உங்களுக்கு வாயில வந்துருச்சு, எனக்குத்தான் வரவே இல்ல" என்கிறான் தவசி, முதலில் அவர் சிரிக்கிறார், பிறகு நான், அடக்க முடியவில்லை, பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறேன், அவன் மட்டும் சிரிக்காமல், "சார், ஓரத்துல கையெழுத்து" என்கிறான். என் கையெழுத்து, அவர் கையெழுத்து, நடுவில் அவனுடைய பி, தப்பாக, தெளிவாக. பதிவேட்டில் குறிப்பு எழுத வேண்டும் அவர், நான் பேனா நுனியையே பார்க்கிறேன், அவர் கொஞ்சம் யோசித்து எழுதி, அவனுக்காகச் சத்தமாக வாசிக்கிறார், "எழுதுபவர் மாற்றி எழுதியதைத் தாமே தெரிவித்தார், தேர்வர் தன் விடையையே எழுதச் சொன்னார், திருத்தப்பட்டது. போதுமாப்பா, புகார்னு ஒண்ணுமில்ல." "நீங்க ஏ-ன்னு சொன்னது சார்?" "அதையும் போடணுமா?" "உங்க இஷ்டம் சார்." அவர் இன்னும் ஒரு வரி எழுதுகிறார், அதை வாசிக்காமல் கதவருகே போய் உட்காருகிறார், இந்த முறை புத்தகத்தைத் திறக்கவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர் போல.

தவசி கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவுகிறான். "இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு மேடம். அந்த இருபத்தொன்பதுக்கு ஒரு பத்தி சேர்க்கலாம்." சரி என்று நான் சொல்லவில்லை, சொல்லக் கூடாது, கூடுதல் தாளைத் திருப்பி, காலியாக இருக்கும் இடத்தில் பேனா முனையை வைக்கிறேன், அந்தச் சின்ன டிக் அவனுக்குக் கேட்டிருக்கும். இரண்டு தட்டு. ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டோரம் அந்தச் சிரிப்போடு அவன் மூச்சை இழுக்கிறான், என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியாது, தப்போ சரியோ, வரட்டும், எழுதுகிறேன்.